மெயின்லேண்டுக்கு அனுப்பாத நோவு

லம்பா லைன் பகுதியில் உன் வீட்டுப் படியேறும்போதே அந்த வாசனை மூக்கில் அடித்தது. நீ படுத்திருந்த அறையில் உன் வீட்டுக்காரர் வேளாவேளைக்கு அடிப்பாரே, மல்லிகைப் படம் போட்ட அந்த ஸ்ப்ரே. மல்லிகைக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. உன் முதல் வருஷத் திதிக்கு வந்தவர்களுக்காக அதையே கூடம் முழுக்க அடித்து வைத்திருந்தார். உள்ளே போக மனசில்லாமல் வாசலிலேயே நின்றேன்.

நாம் இருவரும் கல்யாணமான கையோடு இந்தத் தீவுக்கு ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள். இந்தியில் ஒரு சொல் தெரியாது. முதல் மழைக்காலத்தில் ஒரு நாள் படகுத்துறையில், இங்கே அதற்கு ஜெட்டி என்று பேர், போட்டுக்குக் காத்திருந்தோம். ஒலிபெருக்கி ஏதோ கத்தியது. நான் முழித்துக்கொண்டிருந்தேன், நீ பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாய்.

"போட்டு இல்ல. வா, வீட்டுக்குப் போவோம்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"'மௌசம் கராப்'னு சொன்னான்லா? சொன்னதும் அந்த பெங்காலிக்காரரு மூட்டைய எறக்கி வச்சிட்டாரு. டிக்கெட்டுக்கு நின்ன லைன் கலைஞ்சிட்டு. எல்லாரும் வானத்தப் பாக்காவ. வேற என்னவா இருக்கும்? வார்த்தைக்கு முன்னாடி என்ன நடக்கு, பின்னாடி என்ன நடக்குன்னு பாரு ஏட்டி. நடுவுல உள்ளது தானா வெளங்கும்."

மீன்காரி "தாஜா, தாஜா" என்றபோது அவள் நம்மைத் தாஜா பண்ணுகிறாள் என்று நினைத்தவள் நான். அவள் செவுளைத் தூக்கிக் காட்டுவதைப் பார்த்து, புது மீன் என்கிறாள் என்று சொன்னவள் நீ. வருஷக்கணக்கில் அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்தாய்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கால்மாட்டில் நின்று, உன்னை ஏறிட்டும் பாராமல், உன் வீட்டுக்காரரிடம் பேசினார். "அப் பஸ் பேலியேட்டிவ்" என்றார். அது என்ன மருந்து என்று நீதான் கேட்டாய். டாக்டர் அவரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். "சத்து மருந்துதான். டென்ஷன் மத் லோ, கவலப்படாத" என்றார் உன் வீட்டுக்காரர். கட்டிலில் கிடந்தவள் மனுஷியா தலையணையா? இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. பக்கத்தில் நின்ற எனக்கும் அந்த வார்த்தை தெரியாது.

சாயங்காலம் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் என் கையைப் பிடித்தாய்.

"இந்த ஊர்ல கொஞ்சம் பெரிய நோவுன்னாலே ரெஃபர் எழுதி, கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டுக்கு அனுப்பிருவாவ. என்னைய அனுப்பல. சரி, சின்ன நோவுதான்னு நெனச்சேன். ஆனா சின்ன நோவுக்கு இவரு தெனமும் வஞ்சிரம் வாங்கியாருவாரா? உப்பு கொறஞ்சாலே தட்ட வீசுத மனுசன், இப்ப என் தட்டக் கழுவி வைக்காரு. 'அப் பஸ்'னா இனிமே இது மட்டுந்தான். அடுத்து எப்ப வரணும்னு டாக்டரு சொல்லவும் இல்ல. எல்லாத்தையும் சேத்துப் பாரு. அது சத்து மருந்து இல்ல. இனி கொணமாக்க மருந்து இல்லங்கிறதுக்கு அவங்க வச்சிருக்க பேரு."

"ஒன் மூஞ்சியும் அதத்தான் சொல்லுது" என்றாய். அழவில்லை. "அக்காவ வரச் சொல்லு. ஒரு நாளாவது அவ மடியில படுத்துக் கெடக்கணும்."

அன்றே தூத்துக்குடிக்கு ஃபோன் போட்டேன். உன் அக்கா பதறிப்போய் உன் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறார். "சாதாரண வீக்னஸ். தேறட்டும், நானே கப்பல்ல கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டார். கட்டினவன் பேச்சுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி பேச்சு எடுபடுமா? விடாமல் கூப்பிட்டேன். கடைசியில் அக்கா விமானத்தில் வந்து இறங்கியபோது நீ ஐஸ் பெட்டியில் கிடந்தாய்.

உன் வீட்டுக்காரர் கொடுமைக்காரர் இல்லை. உன் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை, அந்தப் பயத்துக்குப் பாசம் என்று பேர் வைத்துக்கொண்டார். அதுதான் எனக்குச் சகிக்கவில்லை. நாற்றத்தின் மேல் மல்லிகை அடிக்கிற காரியம்தான் அதுவும்.

இலை போட்டதும் நானும் உள்ளே போய் எல்லோரோடும் உட்கார்ந்தேன். அவர் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைசி வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நிம்மதியாப் போயிட்டா." தலைகள் ஆடின. உன் அக்காவும் தலையாட்டினார். நீ சொன்னபடியே நிம்மதி என்ற அந்த வார்த்தைக்கு முன்னும் பின்னும் பார்த்தேன். முன்னால் ஒரு பொய் இருந்தது, பின்னால் அவர் விட்ட பெருமூச்சு இருந்தது. அது உன் நிம்மதி இல்லை, அவருடையது. பிசைந்த சோறு எனக்கு வாய்க்குப் போகவில்லை.

"அவளுக்குத் தெரியும்ணே" என்றேன். "ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிட்டா."

பாயசக் கரண்டி பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் மறுபடியும் கூரையைப் பார்த்தார். உன் அக்கா மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"என்னையக் கேட்டாளா?"

"கேட்டாக்கா."

அக்கா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "யாரும் சொல்லாம எப்படிக் கண்டுபிடிச்சா?" என்றார்.

நான் எழுந்துபோய் ஜன்னல்களையெல்லாம் திறந்து விட்டேன். வெளிக்காற்று வந்த பிறகு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெட்டியில் போட்டு வராமல் போன அந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.