சிவப்புத் துணியும் இல்லாத காய்ச்சலும்

என் அத்தானுக்கு,

உங்களை நான் வாய்விட்டுக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டாலும் கேட்காது, தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் திரும்பிப் பார்ப்பீர்கள். எழுத்தும் உங்களுக்குத் தெரியாது. அப்புறம் இந்தக் கடிதம் யாருக்கு என்றால், உங்களுக்குத்தான். ஆனால் ஊரும் வாசிக்கட்டும். "சுடலைமுத்தா? வேணும்னே ஒருத்தன் காலை ஒடிச்சவன்லா" என்று தாராவியில் இன்னும் பேசிக்கொண்டு திரிகிறவர்கள் முதலில் வாசிக்கட்டும்.

பிறவியிலேயே காது கேட்காத மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். தோல் கிடங்கில் வேலை, சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் ஒற்றை அறை. கிடங்கு மேஸ்திரி உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. "அரே கூங்கா" என்பான். ஊமை என்று அர்த்தம். உங்களுக்குக் கேட்காது. சோறு கொண்டுவந்து நிற்கிற எனக்குக் கேட்கும்.

விடிந்ததும் நூறு தண்டால், நூறு பஸ்கி. அந்தச் சின்ன அறையில் நீங்கள் தண்டால் எடுத்தால் நான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். எத்தனை தடவை முறைத்திருப்பேன்! நீங்கள் சிரித்துக்கொண்டே இன்னும் பத்து எடுப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை சடுகுடு மைதானத்தில் மட்டும்தான், "சுடலை, பிடி! சுடலை, விடாதே!" என்று நாலு பேர் உங்கள் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். அதற்காகத்தானே நானும் அங்கே வந்தேன்?

பாடிப் போக உங்களை விடமாட்டார்கள். மூச்சு விடாமல் சடுகுடு சொல்லிக்கொண்டே போக வேண்டும், உங்கள் தொண்டையில் வருவதோ வெறும் "ஊ". அது சொல் இல்லை என்று நடுவர் கையை ஆட்டிவிடுவார். அறையில் என் உள்ளங்கையை உங்கள் தொண்டையில் வைத்து, சத்தம் அறுபடாமல் வருகிறதா என்று கண்ணால் கேட்டுக்கேட்டுப் பழகினீர்கள். ஒரே ஒரு ஞாயிறு, எதிரணித் தலைவர் நல்ல மனுஷர், "சத்தம் வந்தாப் போதும், போகட்டும்" என்றார். போனீர்கள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்தவள் நான். அதற்கப்புறம் எவரும் விடவில்லை.

பிடிப்பதில் உங்களை விஞ்ச ஆளில்லை. ஒரே கஷ்டம், விசில். ஊதினால் பிடியை விட வேண்டும், உங்களுக்கோ அது தெரியாது. அதற்குத்தான் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு கோட்டோரம் நின்றேன். ஒரே இடத்தில் நின்றால் ஆகாது. நீங்கள் எந்தப் பக்கம் விழுந்தாலும், முகம் இருக்கிற பக்கத்துக்கு ஓடிப்போய் ஆட்ட வேண்டும். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவேன். துணி கண்ணில் பட்ட அடுத்த நொடி கையை எடுத்துவிடுவீர்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

பாகிஸ்தான் சண்டை முடிந்த அடுத்த வருஷம் மாட்டுங்காவில் பெரிய போட்டி வந்தது. முந்தின நாள் குழாயடியில் பக்கத்து அறை செல்லக்கனி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, மாட்டுங்கால பெரிய மனுசங்கல்லாம் நாற்காலி போட்டு இருப்பாவ. அங்கயும் போயி துணிய ஆட்டிக்கிட்டு ஓடப் போறியா? ஒனக்கு வெக்கமா இல்ல?" குடம் வைத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, அத்தான். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது.

மறுநாள் நீங்கள் கிளம்பும்போது நெற்றியில் கை வைத்து, உடம்பு நடுங்குகிற மாதிரி காட்டினேன். காய்ச்சல். பொய். நீங்கள் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, போகட்டுமா என்று கண்ணால் கேட்டீர்கள். துணியை உங்கள் தம்பி மாரியப்பனிடம் கொடுத்தனுப்பினேன்.

நடந்ததை மாரியப்பன்தான் சொன்னார். கடைசி ஆட்டம். செம்பூர் அணிக்காரர் பாடி வந்தார், நீங்கள் காலைப் பிடித்தீர்கள். அவர் பாட்டு அறுந்தது, விசில் ஊதியாயிற்று, ஜெயித்தாயிற்று. மாரியப்பன் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததென்று அந்த மனுஷர் எழுந்து திரும்ப, மண்ணில் முகம் புதைத்திருந்த நீங்கள் பிடியை இறுக்க, முழங்கால் போய்விட்டது. கூட்டம் உங்களை அடித்தது. எதற்கு அடிக்கிறார்கள் என்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. காது கேட்காதவனை ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டு வெற்றியைப் பிடுங்கிவிடுவார்களோ என்று நம் அணிக்காரர் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பேச்சு வருகிற ஆறு பேர்!

உதடு கிழிந்து, சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தீர்கள். வந்ததும் முதல் வேலையாக என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தீர்கள். சுடவில்லை என்று தெரிந்ததும் உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே. அதை நான் என்ன செய்வேன்? அப்போதே சொல்லியிருக்கலாம். பொய் என்று காட்ட எனக்குக் கை இல்லையா?

அதோடு அணியில் உங்களைச் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். தண்டால் நின்றது. அடுப்பை நான் வெளியே கொண்டுபோக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து மஞ்சள் காமாலை வந்து உங்களைக் கொண்டுபோனபோது பழைய உடம்பில் பாதிகூட மிச்சமில்லை.

போன மாதம் ஒருவர் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து நம் வாசலில் நின்றார். அந்தச் செம்பூர்க்காரர். நீங்கள் போய்விட்டது அவருக்குத் தெரியாது. "அவருக்குக் காது கேக்காதுன்னு இப்பத்தான் ஒருத்தர் சொன்னார். நெசமா அக்கா?" என்று கேட்டார். இத்தனை வருஷமும் வேண்டுமென்றே செய்ததாக நினைத்துச் சபித்துக்கொண்டிருந்தாராம். எல்லாவற்றையும் சொன்னேன், காய்ச்சலையும் சேர்த்து. அவரும்தானே ஆட்டத்தை இழந்தவர்?

கிளம்பும்போது சொன்னார். "நான் இப்ப செம்பூர்ல விசில் ஊதுறேன். காது கேக்காத ஒருத்தர் ஆட வந்தார். என் காலை நெனச்சு, வேணாம்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். துணி காட்டினாப் போதுமாக்கா?"

போதாது என்றேன். முகம் இருக்கிற பக்கத்துக்கு ஓட வேண்டும் என்றேன். ஓட அவருக்குக் கால் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளை வரச் சொல்லியிருக்கிறார். நான் செம்பூருக்குப் போகிறேன், அத்தான். யார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, செல்லக்கனி ரயிலேறி வந்து சிரித்தாலும் சரி, கோட்டோரம் ஓடுவேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க நீங்கள் வர வேண்டாம். எனக்குக் காய்ச்சல் இல்லை. அன்றைக்கும் இல்லை.

தோளில் இரண்டு தட்டுத் தட்டி,
உங்கள் மனைவி
இசக்கியம்மாள்