ஆறு ஐம்பதுக்குக் கிளம்பியவர்

ஏரிக் காவலர் வீடு,
ஹார்பெக் நீர்த்தேக்கம், யார்க்‌ஷர்.
21 ஆகஸ்ட் 1976, சனி

கிறிஸ்துவுக்குள் அன்பான மேவிஸுக்கு,

நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்குப் பழைய மாவுமில் சுவரருகே இருந்தவர்கள்: என் கணவர் வால்டர், தூண்டில் சங்கச் செயலாளர் திரு. ஆட்கின், கான்ஸ்டபிள் பிரிக்ஸ், பிராட்ஃபோர்டிலிருந்து உல்லாசப் பயணமாக வந்த ஒரு கணவன் மனைவி (பெயர் கேட்டு வைக்கவில்லை), நான். ஆக ஆறு பேர். வேறு யாரும் பார்க்கவில்லை. ஊர் வாய் வழியாக உனக்கு எட்டுவதற்குள் நானே எழுதுகிறேன்.

இந்தக் கோடையில் தண்ணீர் இறங்கினது போல நான் ஒருநாளும் கண்டதில்லை. ஏரி கட்டியபோது முழுகின கிராமத்துச் சுவர்கள் தெரிகின்றன என்று பத்திரிகையில் போட்டாலும் போட்டார்கள், மடக்கு நாற்காலியும் சாண்ட்விச்சுமாகத் தினமும் கூட்டம். "மீன் பிடிக்கிறவனைவிட சேத்துல மாட்டுனவனைப் பிடிச்சு இழுக்கறதுதான் ஜாஸ்தி" என்று வால்டர் அலுத்துக்கொள்கிறார். அந்தப் பிராட்ஃபோர்டு அம்மாளின் நாய்தான் சுவரடியில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தது.

இடுப்பு வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, மேவிஸ். வெறுமையாக இல்லை. பக்கத்தில் தூண்டில் கம்பு. கோட்டுப் பையில் பித்தளைப் புகையிலை டப்பா. அழுக்கைத் துடைத்துவிட்டு கான்ஸ்டபிள் மூடியில் பொறித்திருந்ததை வாசித்தார்: சிரிலுக்கு, மேவிஸ்.

உன் சிரில் உன்னை விட்டு ஓடவில்லை. ஒன்பது வருஷமும் இங்கேதான் இருந்திருக்கிறார். கர்த்தர் உன்னைத் தாங்குவாராக.

அன்புடன்,
ஹில்டா


பிரிட்லிங்டன்,
25 ஆகஸ்ட் 1976

அன்புள்ள ஹில்டா,

உன் கடிதத்தை அக்கா நடத்தும் விடுதியின் சமையலறையில் நின்றபடி படித்தேன். விடுதி விருந்தாளிகள் எட்டுப் பேருக்கு முட்டை கருகிப் போயிற்று.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், சொல்ல வெட்கமாக இருக்கிறது. லீட்ஸில் எவளோ ஒருத்தியோடு குடித்தனம் பண்ணுகிறார் என்று கசாப்புக் கடைக்காரன் முதற்கொண்டு என் காதுபடப் பேசினானே, அந்த வாயெல்லாம் இப்போது என்ன செய்யும்? அன்று ராத்திரி அவருடைய போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து யோசித்தேன். ஹில்டா, அவர் காணாமல் போன அன்றைக்கு மத்தியானம் நாங்கள் சண்டை போட்டது உனக்குத் தெரியும். "போய்த் தொலைங்க, திரும்பி வராதீங்க" என்று வாசலில் நின்று கத்தினவள் நான். மறுநாள் படகை இறக்கித் தேடச் சொல்லி பிரிக்ஸின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் உங்கள் வருகைப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கம்மா, மீன் இல்லை, ஆறு ஐம்பதுக்குக் கிளம்பிட்டாருன்னு எழுதியிருக்கு. தண்ணியில தேட என்ன இருக்கு?"

ஆறு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினவர் எதற்காக மறுபடி தண்ணீருக்குள் போனார்? மரண விசாரணை அதிகாரியும் அதையேதான் கேட்கப் போகிறார். என் வார்த்தையைக் கேட்டுத்தான் போனாரா? வேண்டுமென்றே போனாரா?

அவர் ஓடிப் போனதாக நினைத்தபோது திட்டவாவது முடிந்தது. இப்போது யாரைத் திட்டுவேன்? புத்தகம் உன் கையில்தான் இருந்தது. அன்று அவர் முகம் எப்படி இருந்தது, ஏதாவது சொன்னாரா, எதுவானாலும் மறைக்காமல் எழுது.

மேவிஸ்


ஹார்பெக்,
28 ஆகஸ்ட் 1976

மேவிஸுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

சிரில் வேண்டுமென்று போகவில்லை. கையெழுத்தும் போடவில்லை. அந்த "மீன் இல்லை, 6.50" நான் எழுதினது.

எங்கள் விதி உனக்குத் தெரியும். வருகிறவர் பெயரும் நேரமும் எழுத வேண்டும். போகும்போது எத்தனை மீன், எத்தனை மணி என்று நிரப்ப வேண்டும். கரையிலுள்ள தூண்டில்காரர் குடிலைப் பூட்டும்போது ஒரு வரி காலியாக இருந்தாலும் வால்டர் படகை எடுத்துக்கொண்டு கரை முழுவதும் சுற்றிவர வேண்டும். சிரில் எழுதாமலே போய்விடுவார். "பேனா தூக்கறதுக்குள்ள மீன் தூக்கிடுவேன் ஹில்டா, நீயே போட்டுக்க" என்று சிரிப்பார். நானும் போட்டிருக்கிறேன், அந்த ஒரு கோடையில் மட்டும் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருந்தார்.

அன்று அறுவடை நன்றி ஆராதனைக்கு ஆலயத்தை அலங்கரிக்க ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பூசணிக்காயும் ரொட்டியும் என் கூடையில். கோட்டு மாட்டும் ஆணியைப் பார்த்தேன், காலி. போய்விட்டார் என்று எழுதிப் பூட்டினேன். வால்டர் புத்தகத்தைப் பார்த்தார்; எல்லா வரியும் நிரம்பியிருந்தது; படகைச் சங்கிலியில் கட்டினார். கோட்டு அவர் உடம்பில் இருந்திருக்கிறது, மேவிஸ்.

இன்னும் ஒன்று. மேட்டில் ஏறும்போது மில் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரே தடவை. பெரிய மீன் நழுவினால் அவர்கள் கத்துவது வழக்கம்தானே. நான் நிற்கவில்லை. ஆலயத்தில் பூசணியை அடுக்கி வைத்து, கர்த்தருக்கு நன்றிப் பாட்டும் பாடினேன்.

மறுநாள் பிரிக்ஸ் கேட்டபோது உண்மையாகவே அவர் போய்விட்டார் என்றுதான் நம்பினேன். ஒரு வாரம் கழித்து நம்பிக்கை போயிற்று. அப்போது சொல்லியிருந்தால் வால்டரின் வேலை போகும், வேலையோடு இந்த வீடும் போகும். வாயை மூடிக்கொண்டேன். நீ ஊரைவிட்டுப் போன அன்று பஸ் நிறுத்தத்தில் உனக்குக் கேக் பொட்டலம் கொடுத்ததும் இந்தக் கைதான்.

அந்த வருஷத்திலிருந்து சாயங்காலம் குடில் ஜன்னலில் நின்று தண்ணீரில் இருக்கிற தலைகளை எண்ணுவேன். புத்தகத்தில் பதினொன்று என்றால் தண்ணீரில் பன்னிரண்டு. மறுபடி எண்ணினாலும் பன்னிரண்டு. மில் பக்கத்தில் இடுப்பளவில் நிற்கிற அந்த ஒருவர் கம்பை வீசுவதில்லை, கரையைப் பார்த்தபடி நிற்பார். எல்லாரும் கிளம்பின பிறகும் நிற்பார். நான் ஜெபித்திருக்கிறேன், கண் வைத்தியரிடமும் போயிருக்கிறேன். உன் துக்கத்துக்கு நடுவே பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மறைக்காதே என்றாய்.

நேற்று வால்டரிடம் சொன்னேன். எழுந்து போய்ப் படகுச் சங்கிலியைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "படகை எடுத்திருப்பேனேடி. பத்து நிமிஷ வேலை" என்றார். அவ்வளவுதான். விசாரணையில் நானே எழுந்து சொல்லப் போகிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

ஹில்டா


ஹார்பெக்,
19 செப்டம்பர் 1976, ஞாயிறு

அன்புள்ள மேவிஸ்,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வராது என்றுதான் நினைத்தேன்; ஆனாலும் தபால்காரர் சைக்கிள் மேடேறும்போது கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறேன்.

வியாழக்கிழமை விசாரணை முடிந்தது. கடைசி வரிசையில் உன் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உன்னிடம் சொல்லியிருப்பார், ஆனாலும் எழுதிவிடுகிறேன்: தூண்டிலை நீட்டினபடியே பள்ளத்தில் கால் இறங்கி, பூட்ஸில் தண்ணீர் ஏறி, தற்செயலாக நேர்ந்த மரணம். தீர்ப்பில் இருப்பது அதுதான். உன் வார்த்தைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எவராவது வேறு பேசினால் தீர்ப்பின் நகலைக் காட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அது நியாயம்தான்.

மழை வந்துவிட்டது. நேற்றோடு மில் சுவர் மூடிப்போயிற்று. அந்த ஜன்னல் பக்கம் இப்போது நான் போவதில்லை.

சிரிலின் சவப்பெட்டி ஸ்கிப்டனில் அடக்கம் செய்கிறவர்களிடம் இருக்கிறது. மனைவி சொல்லாமல் அசைக்க மாட்டோம் என்கிறார்கள். இங்கே ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியும். பிரிட்லிங்டனுக்கு அனுப்பச் சொன்னால் வால்டரே கூட வருவார். எனக்குக் கோபத்தோடாவது எழுது, அல்லது எழுதாதே. அவருக்காக மட்டும் ஒரு வார்த்தை: அவரை எங்கே வைக்கட்டும்? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

ஹில்டா