ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா

2024 ஜூலை 3, புதன்

பாடசாலை மடிக்கணினியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிட்டேன். போர்வைக்குள் வைத்துத்தான் திறந்தேன். வெளிச்சம் பட்டால் பெரியப்பா எழுந்துவிடுவார். நான் எழுதும் இந்தக் கொப்பியும் யார் கண்ணிலும் படக்கூடாது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீஸ் பெட்டியில் கிடக்கிறது. அக்காவின் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. லய வரிசையின் எண்ணும் அதிலுள்ள காம்பரா அறையின் எண்ணும் போட்டால் அந்த வீட்டுக்குக் கடிதம் உண்டா என்று சொல்லும் வலைப்பக்கம் ஒன்றை நானும் என் வகுப்பு ரிஸ்லாவும் செய்கிறோம். செவ்வாய்க்கிழமை கணினிப் போட்டி.

இங்கே சிக்னல் இல்லை. தேவையும் இல்லையாம்! தரவுத்தளம், சேர்வர் எல்லாம் இந்த மடிக்கணினிக்குள்ளேயே ஓடுமாம். ரிஸ்லா தெரணியகலை டவுனில் தன் வீட்டில் இணையத்திலிருந்து இறக்கி, பென்டிரைவில் தந்தாள்.

ஜூலை 4

தரவுத்தளம் அனுமதி இல்லை என்கிறது. பதினாலு தடவை. என் மடியில் இருந்துகொண்டே என்னை உள்ளே விட மறுக்கிறது. யாரிடம் கேட்பது?

ஜூலை 5

ரிஸ்லாவின் கணினிக் கடவுச்சொல் ஒரு கோப்பில் அப்படியே இருந்தது. இந்தக் கணினியுடையதாக மாற்றினேன். பக்கம் திறந்தது!

ஒரு பெயர் எழுதி, கணினியை அணைத்து, திரும்பப் போட்டேன். பெயர் அங்கேயே இருந்தது. அணைந்திருந்தபோது அது எங்கே இருந்தது?

ஜூலை 6, சனி

5/3, செல்லையா. அது பெரியப்பா. 5/3, இந்திரகுமார். அது அப்பா. இரண்டாவதை ஏற்கவில்லை. 'இந்த வீடு ஏற்கனவே உண்டு.'

ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம் என்று ரிஸ்லா அட்டவணை போட்டிருக்கிறாள். டவுனில் அப்படித்தானே.

நடுவில் ஒரு சேலை மறைப்பு. இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர், அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டார் ஐந்து பேர். அவளிடம் நான் சொன்னதே இல்லை. வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் ஏதாவது பொய்.

இல்லாத 5/13ஐ அப்பாவுக்குப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. யாருக்கும் தெரியாது.

ஆனா அப்பாவுக்கு கடுதாசி வந்தா? 5/3ன்னு தேடுனா இல்லன்னு சொல்லுமே. நானே மறைச்சு வைக்கிற மாதிரி —

ஜூலை 7

மலை உச்சிக்கு ஏறிப் போய் ரிஸ்லாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"டேபிள் சரியில்லடி. ஒரு காம்பராவுல ரெண்டு குடும்பம் இருக்கும்."

"ஒண்டுலயா? யார்ட வீட்டுல?"

"எங்க வீட்டுலதான்."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அனே, மடச்சி! மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு கெழமையா இதக் கட்டியிருப்பேனா? எத்தின குடும்பம் வரைக்கும் விடணும்?"

"கணக்கே இல்ல. சில காம்பராவுல மூணும் இருக்கு."

"ஹரி, சரி. அப்ப வீடு வேற டேபிள், குடும்பம் வேற டேபிள். நாளைக்கு வாறன்."

வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 8

வந்தாள். அம்மா சேலை மறைப்பைத் தூக்கிச் சொருகினாள், இரண்டு பேர் உட்கார இடம் வேண்டுமே. பிறகு லயம் லயமாகப் போய்ப் பெயர் கேட்டோம். ரிஸ்லாவை நாய் துரத்தியது.

ஜூலை 9

போட்டியில் நடுவர் ஒருவர் திரையை விரலால் காட்டிக் கேட்டார்: "ஒரே இலக்கம் ரெண்டு தடவை வந்திருக்கே மகள், பிழையா?"

ரிஸ்லா என்னைப் பார்த்தாள்.

"பிழை இல்ல சேர். ரெண்டு குடும்பம். எங்க வீடு."

"இப்படி எத்தனை வீடு?"

எண்ணிச் சொல்லும்படி கணினியில் ஒரு வரி தட்டினேன். நாற்பத்திரண்டு காம்பராவில் பதினேழு. அந்த நொடிவரை எனக்கே தெரியாது.