ஈரம் போக எட்டு கிராம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் நாங்களும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை, இத்தனை வருடமாக யோசிக்காமல் எழுதியும் வந்திருக்கிறேன். இன்று அந்த வரிக்குப் பேனா நகரவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன் பேசும்போது அம்மா பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், பக்கவாதம் அவள் நாக்கைத்தான் குழற வைத்திருக்கிறது, காது நன்றாகவே கேட்கிறது. அதோடு இதைச் சொல்ல எனக்குக் குரலும் வராது. அதனால் தீவன ஆலையில், என் பரிசோதனை அறையில், சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த இரண்டாம் நாள் கஞ்சி கொடுக்கும்போது புரையேறி, கண் செருகி, உதடு நீலமாகிப் போனதை உனக்கு அப்போதே சொன்னேன். அன்று பிடித்த பயம் என்னை விடவில்லை. மறுநாள் கஞ்சியில் அரை டம்ளர் தண்ணீர் கூட்டினேன். சிரமமில்லாமல் இறங்கியது போலிருந்தது, இன்னும் கொஞ்சம் கூட்டினேன். பிறகு வடிகட்டவும் ஆரம்பித்தேன். வடிகட்டியில் நின்ற அரிசியையும் பருப்பையும் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன். அதுகள் காலையில் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கும், நன்றாகக் கொழுத்தும் விட்டன. நான் வேலைக்குப் போகும்போது ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போவேன், பகலில் உன் அத்தை வந்து கொடுப்பாள். சுவரில் நேரம் எழுதி ஒட்டியிருக்கிறேன், ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு டிக். நாளைக்கு ஐந்து டிக், ஒரு நாள் தவறியதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, நான் அளந்துதான் போட்டேன். டம்ளரால் அளந்தேன்.

நீ வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா மெலிந்த மாதிரி தெரிகிறதே என்று இரண்டு தடவை கேட்டாய். படுத்திருந்தால் அப்படித்தான் தெரியும் என்று உன் வாயை அடைத்தேன். லீவு போட்டு வரட்டுமா என்றாய், வந்து என்ன செய்யப் போகிறாய், அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இன்னொன்றும் சொன்னேன், ஞாபகம் இருக்கும். டம்ளரைக் கீழே வைத்த பத்தாவது நிமிடம் அம்மா "பசிக்குதுங்க" என்கிறாள், சாப்பிட்டதே அவளுக்கு மறந்துபோகிறது என்றேன். அம்மா குழந்தை மாதிரி ஆகிவிட்டாள் என்று நீ சொன்னாய், இரண்டு பேரும் சிரித்தோம். உன் மேல் தப்பில்லை. நான் சொன்னதை வைத்துத்தானே நீ சிரித்தாய்.

போன வாரம் ஒரு பால்காரம்மா ஆலைக்கு வந்து சத்தம் போட்டார். உங்கள் தீவனத்தில் கலப்படம், என் மாடு விலா எலும்பு தெரிய நிற்கிறது என்றார். மேனேஜர் வழக்கம்போல என் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆலையில் என்னை ஈரக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். மூட்டையில் குத்தூசியைக் குத்தி மக்காச்சோளத்தை எடுத்து, ஈரம் ஒரு சதவீதம் கூடியிருந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்புகிற ஆள். அந்த அம்மாவிடம் எப்படித் தீவனம் வைக்கிறீர்கள் என்று விசாரித்தேன். தண்ணீர் கூடினால் பால் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு படி தீவனத்தைப் பெரிய தொட்டித் தண்ணீரில் கரைத்து, இரண்டு வேளையும் தொட்டி நிறைய வைத்திருக்கிறார். எனக்குப் பிரசங்கம் செய்ய அல்வா மாதிரி ஆள் கிடைத்துவிட்டது. அம்மா, தொட்டி நிறைகிறது, வயிறும் நிறைகிறது, ஆனால் உடம்பில் ஒட்டுவது தண்ணீர் போக மிஞ்சுகிற உலர்பொருள்தான், புரதமும் மாவும் கொழுப்பும் அதற்குள்தான் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "மாட்டுக்கு வாய் இருந்தா பசிக்குதுன்னு சொல்லியிருக்கும் சார், நான் என்னத்தக் கண்டேன்" என்றார்.

பாப்பா, அவர் மாட்டுக்கு வாய் இல்லை. என் வீட்டில் இருப்பவளுக்கு வாய் இருந்தது, அவள் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலையில் கஞ்சியை ஒரு பாட்டிலில் ஊற்றி ஆலைக்கு எடுத்து வந்தேன். மாதிரி எதுவானாலும் படிவம் எழுதாமல் ஓவனில் வைப்பதில்லை என்பது நானே போட்ட சட்டம். படிவத்தில் எந்தக் கால்நடைக்கு என்று ஒரு கட்டம் உண்டு. பசு, ஆடு, கோழி என்று அச்சடித்திருக்கும், வட்டம் போட வேண்டும். மூன்றையும் அடித்து, மனைவிக்கு என்று எழுதினேன். இரண்டு கிண்ணத்தில் ஐம்பது ஐம்பது கிராம் ஊற்றி, தண்ணீர் முழுக்க வற்றிப்போக நூற்றைந்து டிகிரியில் வைத்தேன். அடுத்த நாள் காலை ஈரம் ஏறாத மூடி ஜாடியில் ஆறவைத்து எடை போட்டபோது ஒவ்வொன்றிலும் நாலு கிராம் இருந்தது. அடியில் காய்ந்த பசை மாதிரி ஒரு ஏடு, அவ்வளவுதான். ஆக நூறு கிராம் கஞ்சியில் ஈரம் போக எட்டு கிராம். ஐந்து டம்ளர் என்பது ஒரு லிட்டர். நாள் முழுக்க உன் அம்மாவுக்கு நான் கொடுத்த சாப்பாடு எண்பது கிராம். பக்கத்து மேசையில் புரதம் பார்க்கிற பெண்மணி அந்தப் படிவத்தைப் பார்த்தார். நான் சொல்லாமலேயே பாட்டிலில் மிச்சம் இருந்ததை எடுத்துப் புரதமும் பார்த்து, சாயங்காலம் சீட்டை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். நாள் முழுக்கக் கொடுத்ததைக் கூட்டினாலும் ஒரு முட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட. முப்பத்தொரு வருடம் மாட்டுக்கும் கோழிக்கும் பார்த்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னை வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நடுவில் இரண்டு தடவை வரச் சொல்லியிருந்தார்கள், ஒழுங்காகச் சாப்பிடுகிறாளே, எதற்கு அலைய வைப்பது என்று நான்தான் போகவில்லை. ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் நாற்பத்தைந்து இருக்கிறாள். போர்வையை எடுத்ததும் டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விழுங்கப் பழக்குகிற நர்ஸ் சொன்னார், இவள் தொண்டைக்குத் தண்ணியாக இருப்பதுதான் சட்டென்று தப்பான வழியில் இறங்கும், கெட்டியாக இருந்தால்தான் பத்திரமாம். ஆக நான் பயந்து பயந்து செய்தது எதற்குமே உதவவில்லை, தலைகீழாகத்தான் செய்திருக்கிறேன். இப்போது பருப்பும் முட்டையும் மசித்து, ஸ்பூனில் எடுத்தால் வழியாத பதத்தில், தாடையைக் கீழே சாய்த்து ஊட்டுகிறேன். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. காய்ந்துகிடந்த உடம்பு, ஒரேயடியாக ஏற்றக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று எச்சரித்திருக்கிறார்கள். பதினெட்டாம் தேதி மறுபடி எடை பார்ப்பார்கள். ஏறவில்லை என்றால் வயிற்றில் குழாய் வைக்க வேண்டிவரும், அதைத் தாங்கும் நிலையில் உடம்பு இருக்கிறதா என்பதும் சந்தேகம் என்றார்கள். உன்னிடம் மறைக்க எனக்கு இனி யோக்கியதை இல்லை.

அவளிடமும் சொன்னேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு கிராம் கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நேற்றுக் காலை பதினோராவது ஸ்பூனில், நாலு மாதத்தில் முதல் தடவையாக, "போதும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் பாப்பா, அது நிஜமாகவே வயிறு சொன்னதா, இல்லை என் மூஞ்சியைப் பார்க்கப் பொறுக்காமல் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. முன்னே அவள் சொன்னதை நம்பாமல் கெடுத்தேன், இப்போது நம்பிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்னைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லுவாள், உன்னிடம் சொல்ல மாட்டாள். வராதே என்று சொன்ன இதே வாயால் கேட்கிறேன், பதினெட்டாம் தேதிக்குள் வந்துவிடு. வந்து அவளிடம் நீ கேள்.

மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்லி அனுமதி வாங்கிக்கொள். அங்கிருந்து எதுவும் வாங்கி வராதே. நீயும் காலையில் வெறும் காபியைக் குடித்துவிட்டு ஓடாமல் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள். எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஆலைச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றை மறக்காதே, வீட்டுக்குள் வந்ததும் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று நான் சொன்னால் நம்பாதே, போர்வையை விலக்கி நீயே பார்.

இப்படிக்கு,
உன் அப்பா