சம்மந்தியம்மா பேசுன தமிழ்

மரியே வாழ்க

ஈப்போ

அன்பு மகள் மெலிண்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அந்தோணியார் புண்ணியத்துல நானும் அம்மாவும் இங்க நல்லா இருக்கோம், அம்மாவோட கால் வீக்கம் மட்டும் அப்படியேதான் இருக்கு, அங்க நீயும் மருமகன் பாவ்லோவும், உன் வயித்துல இருக்கிறது ராசாவோ ராசாத்தியோ அதுவும் சுகமா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறோம். தினம்தான் போன்ல பேசுறோமே இந்தக் காலத்துல எதுக்கு கடுதாசின்னு நீ கேப்ப. போன்ல உங்கம்மா எனக்கு வாயைத் திறக்க எங்க விடுறா. அதுவும் இல்லாம பிஸ்கட் சுட்டப்பல்லாம் நீ அந்தப் பக்கம் நடந்ததத்தான் பாத்த, இந்த வீட்டுல நடந்தது உனக்குத் தெரியாது, அதைச் சொல்லாம இருந்தா எனக்கு நெஞ்சு பொறுக்காது.

உங்கம்மா பட்ட வருத்தம் உனக்குப் பாதிதான் தெரியும். தலைப்பிரசவம் தாய் வீட்டுலன்னு அவ உனக்குன்னு ரூமைக் கழுவி, என் பழைய வேட்டியெல்லாம் கிழிச்சுத் துவைச்சு மடிச்சு வச்சு, பாசார் கடைத்தெருவுல பிள்ளைத் தூளி தொங்கவிடுற ஸ்பிரிங்கையும் வாங்கிட்டு வந்து ஹால் உத்தரத்துல என்னையே மாட்டச் சொல்லிட்டா. அப்புறம்தான் உனக்கு பிரஷர் ஏறி இருக்கு பிளேன் ஏறக் கூடாதுன்னு அங்க டாக்டர் சொன்னது. கால்ல ரத்தம் கட்டுற ஆளு அவ்வளவு தூரம் உக்காந்து போகக் கூடாதுன்னு இவளுக்கும் இங்க டாக்டர் சொல்லிட்டாரு. போச்சு, வீட்டுல சோறு தண்ணி இல்ல. முன்ன பின்ன தெரியாத வெள்ளைக்கார மாமியார் என் பிள்ளைய எப்படிப் பாத்துக்குவா, என் பிள்ளை வலியில அம்மான்னு கத்துனா அவளுக்குப் புரியுமான்னு ஒரே அழுகை. நான் வேற உசரமா பொறந்து தொலைச்சேனா, ஹால்ல போறப்ப வாரப்பல்லாம் அந்த ஸ்பிரிங் நெத்தியில இடிக்கும், கழட்டட்டுமான்னு கேட்டா என்னை எரிக்கிற மாதிரி பாப்பா, நானும் குனிஞ்சு போவேன்.

இந்த நேரத்துலதான் உனக்கு ஈப்போ ஹப் தோ சோ பிஸ்கட் தின்னணும்னு ஆசை வந்துச்சு. நீயும் அதுக்கு வால்நட் பிஸ்கட்னு அர்த்தம்னு உன் மாமியார்கிட்ட சொல்லி வச்சிருக்க. அவங்க பாவம், வால்நட்டை அள்ளிப் போட்டு சுட்டு, நீ இது இல்லன்னு உதட்டைப் பிதுக்கவும், போனை மாவு மூட்டையில சாச்சு வச்சு நம்மளக் கூப்பிட்டாங்க. உங்களுக்கு மத்தியானம், எங்களுக்குச் சாயங்காலம். உங்கம்மா மூஞ்சியக் காட்ட மாட்டேன்னு அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா. பக்கத்து வீட்டு லாய் அக்காதான் போன் முன்னால உக்காந்தாங்க, அவங்க பிஸ்கட் கடையில வேலை பாத்தவங்கதானே. வால்நட்டைப் பாத்ததும் அந்தம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே, பேருலதான்லா வால்நட்டு, மேல விரிசல் விட்டா வால்நட்டு ஓடு மாதிரி இருக்கும் அவ்வளவுதான், நாங்க உள்ள ஒண்ணும் போடுறதே இல்லன்னு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க.

ஆனா உன் மாமியார் கெட்டிக்காரி, கொஞ்சமும் அசரல. வால்நட்டை ஒதுக்கிட்டு உங்க ஊரு ஹேசல்நட்டை வறுத்துப் போட்டாங்க, லாய் அக்கா சொன்னபடி எள்ளு தூவி அஞ்சு மசாலாப் பொடி ஒரு சிட்டிகை போட்டாங்க, ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டது அவங்களா யோசிச்சது. அப்புறம் உருண்டை பிடிக்காம கட்டை மாதிரி நீளமா உருட்டி வேக வச்சு, எடுத்து, துண்டு போட்டு, மறுபடியும் உள்ள தள்ளுனாங்க பாரு, திரும்பி நின்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டிருந்த உங்கம்மாவுக்குப் பொறுக்கல. ஐயையோ வெந்தத எதுக்கு மறுபடி வைக்கிறாங்க கருகிப் போயிரும்னு போனுக்குள்ளயே விழுற மாதிரி ஓடி வந்தா. உன் மாமியாருக்கு என்ன புரிஞ்சுச்சோ, ஒரு துண்டைத் தூக்கிக் காட்டி அவங்க பாஷையில பிஸ்கோத்தி பிஸ்கோத்தின்னாங்க. உங்கம்மா அப்படியே வாயைப் பொளந்துட்டா. என்னங்க, சம்மந்தியம்மா தமிழ் பேசுறாங்கன்னா. உங்கம்மா சுங்காய் ரப்பர் தோட்டத்துல வளர்ந்தவ, அவளுக்கு இன்னமும் பிஸ்கட் கிடையாது பிஸ்கோத்துதான். நீ பள்ளிக்கூடம் போறப்ப பிஸ்கட்னு சொல்லுங்கம்மா மானம் போகுதுன்னு எத்தனை தடவை திருத்தியிருப்ப, இப்ப உன் மாமியாரையும் திருத்து பாப்போம். ரெண்டு தடவை சுட்டதுன்னு அதுக்கு அர்த்தம்னு நீ அப்புறமா சொன்னியே, அதெல்லாம் உங்கம்மா காதுலயே ஏறல, சம்மந்தியம்மாவுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியும், அவ்வளவுதான் அவளுக்கு.

அதுக்குப் பிறகு சனிக்கிழமைன்னா ரெண்டு அடுப்பும் ஒண்ணா எரிஞ்சது உனக்கே தெரியும். இங்க ஹேசல்நட்டுக்குப் பதிலா கச்சான் கடலை, லாய் அக்கா சீனப் பெருநாளுக்குக் காய வச்ச ஆரஞ்சுத் தோலு. ருசியத்தான் போன்ல அனுப்ப முடியாதே, அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழியத்தான் நான் இன்னமும் போற வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். உன் மாமியார் அங்க போன் பக்கத்துல வச்சு ஒண்ணை ஒடிப்பாங்க, இவ காதை வச்சுக் கேட்டு, சத்தம் மந்தமா இருந்தா தலைய ஆட்டிருவா, அவங்க மறுபடி உள்ள வைப்பாங்க. இங்க இவ ஒடிப்பா, அங்க அவங்க கேப்பாங்க. பாஷையே இல்லாம ரெண்டு பொம்பளைங்க இப்படி வேலை பாக்குறத நான் பாத்ததே இல்லம்மா, அசந்து போயிட்டேன். கடைசியா படக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாரு, லாய் அக்கா கை தட்டிட்டாங்க. என் கட்டுப்பல்லுக்கு அது ஆகாது, பால் ஊத்தாத காப்பி ஓவுல முக்கித்தான் தின்னேன், உங்க ஊருலயும் அப்படித்தானாமே.

இப்ப சொல்ல வந்த விஷயம். படக்குன்னு சத்தம் வந்த அன்னைக்கு முதல் துண்டை உன் மாமியார் உன் வாயில வச்சாங்க, நீ கண்ணை மூடிக்கிட்டு மென்ன, அதனால உனக்குத் தெரியாது. உன் மாமியார் லாய் அக்காவப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, குனிஞ்சு கூடப் பாக்காம, ஒரு முக்காலிய நகத்தி உன் வீங்குன கால் ரெண்டையும் தூக்கி அது மேல வச்சாங்க. அவங்க பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டிருக்காங்க, கை பாட்டுக்கு உன் காலைப் பிடிச்சு விடுது. உங்கம்மா அதையேதான் பாத்துக்கிட்டிருந்தா. போனை வச்சதும் ஒரு மூச்சு அழுதா. கொஞ்சம் கழிச்சு, அந்தம்மா நல்லாப் பாத்துக்குவாங்கன்னு அவளே சொல்லிட்டு சோறு போட்டுச் சாப்பிட்டா. எனக்கு அன்னைக்குத்தான் உயிர் வந்துச்சு, உன் மாமியாரை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்னு சொல்லு.

இன்னைக்குக் காலையில காப்பிக் கோப்பையோட ஹால்ல நடந்தேன், பழக்கத்துல குனிஞ்சேன், நெத்தியில எதுவும் இடிக்கல. நிமிந்து பாத்தா உத்தரத்துல வெறும் கொக்கிதான் இருக்கு. இந்தப் பார்சல்ல மேல இருக்கிற டின்னு பிஸ்கோத்து, அடியில அம்மாவோட மாதா திருநாள் சேலையில சுத்தியிருக்கிறது அந்த ஸ்பிரிங். சேலைதான் தூளித் துணி. முடிச்சு எப்படிப் போடுறதுன்னு சனிக்கிழமை அம்மா சம்மந்தியம்மாவுக்குப் போன்லயே காட்டுவாளாம்.

வேளைக்கு மாத்திரை சாப்பிடு, உப்பைக் குறை, ஒத்தையில படி இறங்காத. மாதா உனக்குத் துணையிருந்து தாயும் பிள்ளையும் வேற வேறயா நல்லபடியா ஆகணும்னு நாங்க ரெண்டு பேரும் ஆசீர்வாதம் பண்றோம். மறந்துராத, பிள்ளையப் போடுறதுக்கு முன்னால மருமகனை அந்த ஸ்பிரிங்கப் பிடிச்சுத் தொங்கிப் பாக்கச் சொல்லு, அப்படியே அவரு நெத்தியையும் பாத்துக்கச் சொல்லு.

உன் அன்பு அப்பா,
லூயிஸ்

(அம்மா கத்தரின் பக்கத்துலதான் நிக்கிறா, டின்னைத் திறந்ததும் முதல் துண்டை சம்மந்தியம்மாவுக்குக் கொடுக்கணுமாம், நீ அப்புறம்தானாம்.)