ஏழு வருஷம் தாங்குற ப்ராசசர்

ஜூன் 9, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது. சித்தூர் ஜூஸ் ஃபாக்டரி வாசலில் மாங்காய் டிராக்டர் வரிசை, பஸ் அரை மணி நேரம் அங்கேயே. வேலூர் போய் வந்தாயிற்று.

கழுத்துக் கட்டியில் ஊசி விட்டு டெஸ்ட்டுக்கு எடுத்தார்கள். வலி பெரிதாக இல்லை. அடுத்த திங்கள் ரிப்போர்ட். "கூட யாராவது வரட்டும்" என்றார் டாக்டர். எதற்குக் கூட யாராவது? கேட்க வாய் வரவில்லை. வரும் வழியெல்லாம் அதே யோசனை.

தேவகியிடம் சொல்லிவிட்டுப் போனது: லேப்டாப் பார்க்க வேலூர் போகிறேன். அவசரத்துக்கு வாயில் வந்த பொய். நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன? என் டிசைன் கம்ப்யூட்டர் பதினோரு வருஷக் கிழம். கல்யாணப் பத்திரிகையில் ஒரு போட்டோ வைத்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் பாதி முகத்தோடு நிற்பார்கள்.

என் மாமனாருக்கும் இதே கழுத்து, இதே வேலூர். தன் நைனாவுக்காக இரண்டு வருஷம் டிபன் கேரியரோடு அலைந்தவள் இவள்தான். மறுபடியும் அந்தப் பஸ்ஸில் அவளை ஏற்ற எனக்கு மனசில்லை. ஒன்றுமில்லை என்று வந்தால் அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

பிளாஸ்திரிக்குக் காரணம்: சவரம் பண்ணும்போது வெட்டிக்கொண்டது.

சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "எந்த ப்ராசசர் பாத்த மாமா?"

"எல்லாம் பாத்தேன்."

"எல்லாம்னா இன்னா? ஐ-3யா, ஐ-5ஆ?"

ரசம் புரையேறியது. ப்ளவுஸ் தைக்கிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?


ஜூன் 10, செவ்வாய்

தெரிந்துவிட்டது. ஃபோனை மிஷின் மேல் சாய்த்து வைத்து, தைத்துக்கொண்டே வீடியோ பார்க்கிறாள். நேற்று மட்டும் ஏழு வீடியோவாம். நான் போய் வந்ததாகச் சொன்ன கடைக்கு இவள் வழி சொல்கிறாள்.

எனக்குப் பாடம் நடந்தது. ஒரு பக்கம் இட்லி.

"ப்ராசசர்ல கோர்னா வேலை செய்யற ஆளுங்க மாதிரி. நாலு பேரு தெச்சா எத்தினி ஜாக்கெட்டு, எட்டு பேரு தெச்சா எத்தினி? அவ்ளோதான். அப்பறம் ஐ-5ன்னு பேர மட்டும் பாத்து ஏமாறாத. எத்தினியாவது ஜெனரேஷன்னு கேளு. பழைய ஐ-5க்கு புது ஐ-3யே மேலாம்."

"சரி."

"நம்பருக்குக் கடைசில ஒரு எழுத்து வரும். H இருந்தா வேகம், ஆனா சூடாவும். U இருந்தா கரண்ட்டு கம்மியா துன்னும். உனக்கு U போதும், நீ இன்னா கேமா ஆடப் போற?"

அளவு நோட்டின் பின்பக்கத்தில், இடுப்பு 34, கை 11-க்குக் கீழே, அவள் கையெழுத்தில்:

பத்திரிகை டிசைன், தமிழ் ஒரு பக்கம் தெலுங்கு ஒரு பக்கம்
பேனர் (பெரிய போட்டோ!)
பில்
சாயங்காலம் சீரியல்
RAM 16. எட்டு வேணாம்
பட்ஜெட் ஐம்பதுக்குள்ள, ரெண்டு மூணு கூடினா பரவால்ல

இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒளித்து வைக்க ஒரு மூலை கிடையாது. காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்த வெயிலில்.


ஜூன் 11, புதன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போனது.

வேலை: வி.கோட்டா கல்யாணப் பத்திரிகை, இரண்டாம் திருத்தம். மாமன் பேர் விட்டுப்போச்சு என்று ஒரே சண்டை. ஒரு மஞ்சள் நீராட்டு பேனர். ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். போட்டோவில் ஆள் பைக் மேல் உட்கார்ந்து சிரிக்கிறான், என்னைவிட மூன்று வயது சின்னவன். பின்னாடி ஆகாயம் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், கம்ப்யூட்டர் நின்றுபோச்சு. திரையில் அவன் பாதி முகம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன், அப்படியே இருந்தான். மறுபடி எழுந்தேன்.

கட்டியைத் தொடக் கூடாது என்று தீர்மானம். காலையிலிருந்து எத்தனை தடவை தொட்டேன் என்று எனக்கே தெரியாது.


ஜூன் 12, வியாழன்

திருப்பதி. பொய்யைக் காப்பாற்ற ஒரு கடைக்காவது நிஜமாகப் போக வேண்டாமா? பஸ் ஸ்டாண்டில் மொட்டைகள், கோவிந்தா கோஷம். எல்லோருக்கும் ஏதோ ஒன்று நிறைவேறியிருக்கிறது. பொறாமையாக இருந்தது.

கடைக்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து அடிக்கிறார். "ஏமி பனிகி சார்? இன்னா வேலைக்கு?" சொன்னேன். இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஐ-3, எட்டு ஜிபி. இன்னொன்று ஐ-5, பதினாறு.

"எத்தனை வருஷம் ஓட்டுவீங்க சார்? மூணு வருஷம்னா இது போதும். ஏழு வருஷம்னா அதைத் தூக்குங்க."

சாதாரணக் கேள்வி. தினம் இருபது பேரிடம் கேட்பார். ஏசி ஓடுகிறது, கழுத்தெல்லாம் வேர்வை.

"மூணு போதும்" என்றேன்.

நல்ல நேரத்தில் தேவகி ஃபோன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, கடைக்காரரைத் தெலுங்கில் கேள்வி கேட்டே குடைந்துவிட்டாள். ஜெனரேஷன், கடைசி எழுத்து, RAM பின்னாடி கூட்டலாமா. அவர் என்னைப் பார்த்தார். "மேடம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துறாங்களா சார்?"

மூணு வருஷக் கணக்கை அவர் சொல்லக் கேட்டு, அவள் என்னிடம்: "மூணு வருஷத்துக்கு எவனாவது வாங்குவானா? நீ இன்னா வாடகைக்கா எடுக்கற?"

"எதுக்குடி அவ்ளோ செலவு? இது போதும்."

"வாங்காத. சும்மா வா."

சும்மா வந்தேன். கடைக்காரர் திங்கள்வரை எடுத்து வைக்கிறேன் என்றார், எதை என்று கேட்காமலே.


ஜூன் 14, சனி

ராத்திரி மழை. காலையில் தெருவெல்லாம் சேறு.

நேற்று எழுதவில்லை. எழுத எதுவும் இல்லை. இருந்ததை எழுதப் பிடிக்கவில்லை.

இரண்டு நாளாக அவளோடு மூணா ஏழா சண்டை. நான் கஞ்சன் என்பது அவள் கட்சி. அப்படியே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டியிருக்குமோ என்று கணக்குப் போடுகிறவன் வேறென்ன சொல்வான்? கேஸ் ஸ்டவ்வைத் துடைத்தேன், துடைத்த ஸ்டவ்வை மறுபடி துடைத்தேன். மொட்டை மாடிக்கு ஏழு தடவை ஏறி இறங்கினேன்.

"ஷேவிங் வெட்டு இன்னுமா ஆறல?" என்றாள். பிளாஸ்திரியை மாற்றினேன்.

பயமாக இருக்கிறது. இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.


ஜூன் 15, ஞாயிறு

நாளைக்கு வேலூரில் இன்னொரு கடை பார்க்கணும் என்றேன்.

"திருப்பதிலயே பாத்தாச்சி. வேலூர்ல இன்னா இருக்குது? சின்ன வூடா?"

சிரித்தேன். ஒரு வாரத்துக்கு அப்புறம் நிஜமான சிரிப்பு.

"நானும் வரேன். வுட்டா நீ அந்த மூணு வருஷப் பொட்டியத்தான் தூக்கினு வருவ."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி வா என்று வந்தது. கூட யாராவது வரட்டும் என்று டாக்டரும்தானே சொன்னார்?


ஜூன் 16, திங்கள்

வேலூர், ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால். டோக்கன் 64. இப்போது 51 ஓடுகிறது.

பஸ்ஸில் சொல்லிவிட்டேன். செக்போஸ்ட்டில் பஸ் நின்றது, ஜன்னல் பக்கம் அவள், அளவு நோட்டு மடியில். ஊசி, ரிப்போர்ட், எல்லாம் ஒரே மூச்சில். அவள் என் காலர் பட்டனைக் கழற்றி, பிளாஸ்திரியைத் தூக்கிப் பார்த்தாள். திரும்ப ஒட்டினாள். காட்பாடிவரை நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே வந்தாள், துண்டு துண்டாக.

காட்பாடி பாலத்தின் மேல்: "மூணு வருஷம் போதும்னியே. இதான் கணக்கா?"

தலையாட்டினேன்.

"எவன் சொன்னான் உனக்கு மூணுன்னு? டாக்டரு சொன்னானா?"

"யாரும் சொல்லல."

"அப்பறம் நீயா எப்பிடி மூணுன்னுவ?" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாள்தான், ஆனால் கோபத்தை விடவில்லை. "ஒரு வாரம் நீ தனியா தூக்கினு திரிஞ்சிருக்க. நான் எழுத்து கோத்துகினு கெடந்தேன், U-வா H-ஆன்னு."

55.

அவள் நைனாவோடு உட்கார்ந்த அதே ஹாலாம். நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது என்றாள். என் இடது கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், எழுதுவதற்கு வலது கையை விட்டுவைத்திருக்கிறாள்.

60. டீ வாங்கி வந்தாள். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

62. ஃபோனை எடுத்தாள். யாருக்கு என்று பார்த்தால் திருப்பதிக் கடை.

"அண்ணா, சித்தூர்லேர்ந்து. ஆமா, அந்த மேடம்தான். அந்த ஐ-5, பதினாறு ஜிபி, அத்தயே எடுத்து வைங்க. ஏழு வருஷம் வரும்னீங்க இல்ல? வராட்டி கடைக்கு வந்து கேப்பேன். இன்னிக்கி சாயங்காலம். இல்ல, அவரு மட்டும் இல்ல. ரெண்டு பேரும் வரோம்."

63. எழுந்து நிற்கிறாள், என் சட்டைக் காலரைச் சரி பண்ணுகிறாள்.

64.