கட்டில் வாடகைக்கு ஒரு வீடு

பிப்ரவரி 5

அன்புள்ள மிஸ்திரிக்கு,

புது ஊருக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் ஹாஸ்டல் அறையில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? போன தடவை நான் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதற்கு, உங்கள் மேல்கட்டில்காரர்தான் "சாப்பிட்டாரும்மா" என்று பதில் சொன்னார். ஆகவே நம் வழக்கப்படி கடிதம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஒரே ஊரில், புருஷன் ஆண்கள் ஹாஸ்டலிலும் பெண்டாட்டி பெண்கள் ஹாஸ்டலிலும் இருந்துகொண்டு தபால் போட்டுக்கொண்டவர்கள் நம்மைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

வீடு கிடைத்துவிட்டது. நிஜமாகவே வீடு! அங்கே ஹாஸ்டலில் ஜன்னலோரக் கட்டிலுக்கு நான் கொடுத்த வாடகைதான் இங்கே முழு வீட்டுக்கும். நம்பாமல் வீட்டுக்காரரிடம், "மாசத்துக்குத்தானே சொல்றீங்க?" என்று இரண்டு தடவை கேட்டேன். "பின்ன என்ன, வாரத்துக்கா?" என்றார். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மொட்டை மாடி. குழாயைத் திறந்தால் முதலில் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது, பிறகுதான் தண்ணீர். வேறு குறை இல்லை.

வேலையும் பிடித்திருக்கிறது. அங்கே பல் செட்டுக்கு மெழுகு வேலை மட்டும்தான் என் கைக்கு வரும். இங்கே அச்சு எடுப்பதிலிருந்து மெருகு போடுவது வரை எல்லாம் நான்தான். முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "இங்க ஆள் கம்மி, வேலை ஜாஸ்தி. ஆனா யாரும் உன்னை விரட்ட மாட்டாங்க."

நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
பல்லழகி

*

பிப்ரவரி 12

அன்புள்ள பல்லழகிக்கு,

உன் கடிதத்தைப் பாத்ரூமில் நின்று படித்தேன். வேறு எங்கே தனிமை? வெளியே வந்ததும் மேல்கட்டில், "தங்கச்சிக்கு வீடு கிடைச்சிருச்சா?" என்றார். என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது. வீட்டு வாடகையைச் சொன்னேன். அந்த ஊருக்கு எந்த பஸ் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் நான் வருவதைப் பற்றி யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஜூன் மாதம் என்னைக் குழுத் தலைவர் ஆக்கப்போவதாக சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அது கிடைத்தால் ஒரு வருஷத்தில் இங்கேயே ஊரின் கடைக்கோடியில் ஒற்றை அறை எடுத்துவிடலாம்.

இன்னொன்று. நான் லிஃப்ட் மெக்கானிக். நீ சொல்லும் ஊரில் நிமிர்ந்து பார்க்கும்படி ஒரு கட்டடமாவது இருக்கிறதா? மாடியே இல்லாத ஊருக்கு வந்து மரத்துக்கு மரம் லிஃப்ட் மாட்டுவதா? உன் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு வெட்கமாக இருக்கும். மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

உன்
மிஸ்திரி

*

பிப்ரவரி 21

அன்புள்ள மிஸ்திரிக்கு,

கோபமெல்லாம் இல்லை. உங்களுக்காக ஊர் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருக்கிறது. அது நின்றுவிட்டால் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரும் வரை நோயாளியைத் தூக்கிக்கொண்டுதான் படியேறுகிறார்களாம். ஜவுளிக்கடையில் ஒன்று. புதிதாக எழும்பும் கட்டடங்களில் லிஃப்ட்டுக்கென்று குழி விட்டிருக்கிறார்கள், கேட்டு வைத்திருக்கிறேன்.

எங்கள் கட்டடத்திலும் ஒன்று இருக்கிறது என்பதுதான் விசேஷம். பல் செட் செய்யும் எங்கள் கூடம் மூன்றாம் மாடியில். லிஃப்ட் கீழே செத்துக் கிடக்கிறது. அதற்குள் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், நாங்கள் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சுமந்து படியேறுகிறோம். மூட்டையோடு மேலே போகவேண்டிய லிஃப்ட் மூட்டைக்குக் காவல் இருக்கிறது. மூன்றாம் மாடிக் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினால் மட்டும் ஓர் உறுமு உறுமி, கொஞ்சம் அசைந்து, நின்றுவிடுகிறது. என்ன வியாதி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் முதல் வாரம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். வீட்டைப் பாருங்கள். அப்புறம் யோசியுங்கள்.

உங்கள்
பல்லழகி

*

மார்ச் 9

அன்புள்ள பல்லழகிக்கு,

ஹாஸ்டல் வந்து சேர்ந்தேன். வீடு அருமை. மொட்டை மாடிக் காற்று இன்னும் என் சட்டையில் இருக்கிறது என்று மேல்கட்டில் மோப்பம் பிடித்துப் பார்த்தார்.

ஆனால் ஒரு விஷயம் மனசை அரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைவரை சிரித்துக்கொண்டிருந்தவள், பஸ் ஏற்றிவிட வந்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய். கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்றாய். நீ ஒண்ணுமில்ல என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வழியெல்லாம் யோசித்தேன். நான் என்ன தப்பு செய்தேன்? என் போர்வையை நானே மடித்தேன். என் துணியை நானே துவைத்தேன். சாப்பிட்ட கையோடு என் தட்டை நானே கழுவி வைத்தேன். உனக்கு ஒரு வேலையும் வைக்காமல், இருந்த இடம் தெரியாமல் இருந்துவிட்டு வந்தேன். பிறகு ஏன்?

பி.கு.: நீ காட்டிய உங்கள் லிஃப்ட்டுக்கு மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. கதவுப் பூட்டில் கரண்ட் பாயும் கான்டாக்ட் சரியாக ஒட்டவில்லை, கதவு மூடியதே அதற்குத் தெரியவில்லை. சாமான் கொண்டுவந்திருந்தால் அப்போதே பார்த்திருப்பேன். யாரையும் அதில் ஏற விடாதே.

உன்
மிஸ்திரி

*

மார்ச் 15

மிஸ்திரிக்கு,

இருந்த இடம் தெரியாமல் இருந்தேன் என்று பெருமை வேறா? அதுதான் தப்பு.

ஞாயிறு காலை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். கல்யாணமாகி இத்தனை நாளில் நம் வீடு என்று ஒன்றில், நான் சமைத்து, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் உங்கள் தட்டையும் டம்ளரையும் கழுவி, துடைத்து, உங்கள் பைக்குள் வைத்துவிட்டீர்கள். பைக்குள்! என் தட்டு தொட்டியில் தனியாகக் காய்ந்துபோய்க் கிடந்தது. ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரியும் இப்படித்தான் செய்வாள். அவளுக்கும் எனக்கும் என்ன உறவு? உங்களுக்கும் எனக்கும் அதே உறவுதானா?

உங்களை வழியனுப்பிவிட்டு வந்து அந்தத் தட்டைக் கழுவும்போது அழுதேன். ஒரு தட்டுக்கு அழுகிறாளே என்று சிரிக்காதீர்கள்.

பல்லழகி

*

மார்ச் 21

என் பல்லழகிக்கு,

சிரிக்கவில்லை. நாலு தடவை படித்தேன். எல்லாம் பாத்ரூமில்தான், வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

உன் தட்டைக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. இங்கே அடுத்தவன் தட்டைத் தொட்டால் அடிதடி. என் கைக்கு ஒரு தட்டுதான் தெரியும். கழுவினால் பைக்குள் வைக்கத் தெரியும், இல்லாவிட்டால் மறுநாள் அது வேறொருவன் கையில் இருக்கும். தொட்டியில் உன் தட்டைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தது, புத்திக்கு எட்டவில்லை. மன்னித்துவிடு.

ஆனால் அம்மணி, உங்கள் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். சனிக்கிழமை வேலைக்குப் போகும்போது அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாய். என் சட்டை, பேன்ட் எல்லாம் உள்ளே. குளித்துவிட்டு நின்றவன் சாயங்காலம் வரை துண்டோடுதான் குடும்பம் நடத்தினேன். நடுவில் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட, உன் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டுபோய்த் திறந்தேன். மனுஷன் "அப்புறமா வர்றேன்" என்று ஓடியே போனார். பால் பாக்கெட்டில் பேனாவால் "7" என்று எழுதியிருந்தாய். உன் ஹாஸ்டல் கட்டில் எண்! உன் சொந்தச் சமையலறையில் யார் பாலைத் திருடப்போகிறார்கள், பூனை மாதிரி கத்துகிற அந்தக் குழாயா?

இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். குழுத் தலைவர் வேலை, லிஃப்ட் இல்லாத ஊர் என்றதெல்லாம் பொய்யில்லை. ஆனால் அதற்கடியில் ஒரு பயம் இருக்கிறது. நாம் சேர்ந்தாற்போல ஒரு வாரம்கூட ஒரே வீட்டில் இருந்ததில்லை. கடிதத்தில் இருக்கும் மிஸ்திரியை உனக்குப் பிடிக்கும். தினமும் காலையில் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து வருகிறவனைப் பிடிக்குமா? இங்கே இருக்கும்வரை எது சரியில்லை என்றாலும் ஹாஸ்டல்மேல் பழியைப் போடலாம். அங்கே வந்தும் சரிப்படவில்லை என்றால் யார்மேல் போடுவது?

உன்
மிஸ்திரி

*

மார்ச் 27

அன்புள்ள மிஸ்திரிக்கு,

துப்பட்டா கதையைக் கூடத்தில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். சிரித்த சிரிப்பில் மெழுகுக் கத்தி வழுக்கி, யாருக்கோ போகவேண்டிய முன்பல் கோணலாகிவிட்டது. இப்போதுதான் புரிகிறது, வீட்டுக்காரர் ஏன் என்னைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிறார் என்று.

பால் பாக்கெட்டில் எழுதியது எனக்கே தெரியாது. உங்கள் கடிதம் வந்த அன்றைக்குப் போய்ப் பார்த்தேன், புதிய பாக்கெட்டிலும் "7" இருந்தது! சோப்பு டப்பாவையும் தலையணைக்கடியில்தான் வைத்திருக்கிறேன். இரண்டு அறையில் ஒன்றை இன்னும் திறந்து படுத்துப் பார்த்ததே இல்லை. ஒரு மூலையில் பாயை விரித்து, சாமானையெல்லாம் சுற்றி வைத்துக்கொண்டு தூங்குகிறேன். வீட்டை வாடகைக்கு எடுத்தேனே ஒழிய, ஹாஸ்டலையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அலமாரிப் பூட்டை இன்று கழற்றிவிட்டேன்.

பயம் எனக்கும் இருக்கிறது. உங்களைவிட ஜாஸ்தி. ஆனால் யார்மேல் பழி போடுவது என்று கேட்டீர்களே, என்மேல் போடுங்கள். நான் உங்கள்மேல் போடுகிறேன். அதற்குத்தானே வீடு? ஹாஸ்டல் வாசலில் வார்டன் பார்க்கப் பார்க்க எப்படி மனசாரச் சண்டை போடுவது? நாம் இதுவரை உருப்படியாக ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. அதில் எனக்குப் பெரிய குறை.

முதலாளியம்மாவிடம் லிஃப்ட்டின் வியாதி கதவுப் பூட்டு என்று சொன்னேன். அவர் கட்டடக்காரரிடம் சொல்ல, "அந்த ஆள் வந்தா உடனே பாக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிலயும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க" என்றாராம். உங்கள் சூப்பர்வைசர் கொடுப்பதைவிடக் கம்மியாகத்தான் கிடைக்கும், மறைக்கவில்லை. இனி எப்போது வருகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள்
பல்லழகி

*

ஏப்ரல் 19

அன்புள்ள மிஸ்திரிக்கு,

பதில் இல்லை. போன் செய்தால் "வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்கிறீர்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. மேல்கட்டில்காரர் போனை வாங்கி, "நல்லா இருக்காரும்மா" என்று மட்டும் சொல்கிறார், அதுவும் ஏதோ விழுங்கின குரலில்.

சண்டை வேண்டும் என்று எழுதியதைப் பார்த்துப் பயந்துவிட்டீர்களா? ஜூன் வரட்டும் என்று காத்திருக்கிறீர்களா? இரண்டாவது அறையைத் திறந்து பெருக்கி, கட்டில் போட்டுவிட்டேன். தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி என் மூலைக்கே வந்து படுத்துக்கொள்கிறேன். தனியாக அங்கே படுக்க மனசு வரவில்லை.

வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள். அழுவேன், ஆனால் தாங்கிக்கொள்வேன். இப்படித் தபால்காரரைப் பார்த்து வாசலுக்கு ஓடுவதுதான் தாங்கவில்லை.

உங்கள்
பல்லழகி

*

ஏப்ரல் 28, சமையலறை

என் பல்லழகிக்கு,

நேற்று கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் நீ திட்டின திட்டில் வீட்டுக்காரர் மறுபடி ஓடியிருப்பார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டாய். எப்படிச் சொல்வது? ராஜினாமா கொடுத்தேன். ஏற்க மாட்டேன் என்றார்கள். கையில் விடுதலைக் கடிதம் வராமல் வருகிறேன் என்று எழுதி, பிறகு வராமல் போனால் நீ உடைந்துபோவாய் என்று வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். மேல்கட்டிலிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன். உன் கடைசிக் கடிதம் வந்த அன்றுதான் அதுவும் கைக்கு வந்தது, பதில் எழுதுவதா பெட்டி கட்டுவதா என்று பார்த்துப் பெட்டியைக் கட்டினேன்.

சூப்பர்வைசர், "தலைவர் வேலைய விட்டுட்டுப் போறியே, உனக்கென்ன கிறுக்கா?" என்றார். "இல்ல சார், கல்யாணம் ஆயிருச்சு" என்றேன். "எப்போ?" என்றார். அவருக்கு இரண்டு வருஷமாகத் தெரியவே இல்லை. இருந்த இடம் தெரியாமல் இருப்பதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன்.

நீ தூங்குகிறாய், எழுப்ப மனசில்லை. கட்டடக்காரர் விடியற்காலையிலேயே வரச் சொன்னார். மூட்டைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டைப் பார்க்கப் போகிறேன். நீ வேலைக்கு வரும்போது கீழே நான் நின்றுகொண்டிருந்தால் லிஃப்ட்டில் ஏறு. நிற்கவில்லை என்றால் படியேறியே வா, நடுவில் லிஃப்ட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டால் ஆளைக் கூப்பிடு.

இதுதான் நான் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம். இனி அடுத்த அறையிலிருந்து கத்துவேன், கேட்டுக்கொள்.

அப்புறம், நேற்று ராத்திரி சாப்பிட்ட தட்டு இரண்டும் தொட்டியில் இருந்தன. உன்னுடையதை மட்டும் கழுவி வைத்துவிட்டேன். என்னுடையது அப்படியே கிடக்கிறது. கழுவாமல் கிளம்பினால் சாயங்காலம் சண்டை.

உன்
மிஸ்திரி
(கட்டில் எண் 8)